ஏழு செஷன் முடிந்தது, கவுன்சிலரை மாற்ற வேண்டும்: எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 29. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. போன வருடம் அப்பா தவறிய பிறகு, பஸ்ஸிலும் லிஃப்ட்டிலும் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் போல ஆகிறது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். அம்மாவின் தோழி ஒரு கிளினிக் சொன்னார். அங்கே மனநல மருத்துவர் எஸ்சிடலோபிராம் என்ற பதற்றத்துக்கான மாத்திரை 10 மி.கி. எழுதிக் கொடுத்து, அதே கிளினிக்கில் இருக்கும் கவுன்சிலரிடம் அனுப்பினார். 10 செஷனுக்கு 12,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன். 7 முடிந்துவிட்டது. மேடம் நல்லவர்தான். ஆனால் ஏழு வாரமும் மூச்சுப் பயிற்சி, 'பாசிட்டிவா யோசிங்க', இவ்வளவுதான். நடுவில் போனைப் பார்ப்பார். இரண்டு முறை 'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்மா' என்றார். நான் 'சரிங்க மேடம்' என்று தலையாட்டிவிட்டு, ஆட்டோவில் அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறேன். போன வாரம் 'இப்ப பரவாயில்லைங்க மேடம்' என்று பொய்யும் சொல்லிவிட்டேன். பேசாமல் நம்பரை பிளாக் செய்துவிடலாமா? விஷயம் அம்மா காதுக்குப் போகுமா? ஒருவேளை குறை என்னிடம்தானோ? மேடம் எங்கள் ஏரியாவிலேயே குடியிருக்கிறார், கோயிலில் பார்க்க நேரும். — பெயர் வேண்டாம், கோவை.

பதில்: நிறுத்தலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, பெரிய காரணமும் தேவையில்லை. ஆனால் எந்த வரிசையில் நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். முதலில் வேறு ஒருவரிடம் தேதி வாங்குங்கள், பிறகு இவரிடம் சொல்லுங்கள். உங்கள் நிலையில் இருக்கும் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கவுன்சிலரை விடும்போதே சிகிச்சையையும், சில சமயம் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். 'நமக்கு கவுன்சிலிங் ஒத்துவராது' என்று முடிவு கட்டி ஒரு வருடம் கழித்து வரும்போது, பஸ் போய், லிஃப்ட் போய், தனியாகக் கடைக்குப் போவதும் நின்றுபோயிருக்கும். நீங்கள் அங்கே போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

குறை உங்களிடமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல சிகிச்சையிலும் அழுகை வரும், போகவே பிடிக்காத வாரங்கள் வரும். அதனால் 'கஷ்டமாக இருக்கிறது' என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்தக் கஷ்டம் எதற்காக என்று உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது போலத் திடீரென்று வந்து தாக்கும் கடும் பயத்தை பேனிக் அட்டாக் என்பார்கள். அதற்கு நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அதில் முதல் ஓரிரு செஷன்களில் ஒரு வட்டம் வரைந்து காட்டுவார்கள்: நெஞ்சு லேசாகப் படபடக்கிறது, 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்று மனம் சொல்கிறது, அந்தப் பயத்தால் இன்னும் படபடக்கிறது, அது பயத்தை உறுதி செய்கிறது. பிறகு அந்தப் படபடப்பையே வேண்டுமென்று வரவழைப்பார்கள். ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள், சுழல் நாற்காலியில் சுற்றவிடுவார்கள், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்வார்கள். இதய, நுரையீரல் பிரச்சினை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள். படபடப்பு வரும், உச்சத்துக்குப் போகும், தானாக இறங்கும், ஒன்றும் ஆகாது. அதை உடம்பு நேரில் கற்றுக்கொள்வதற்காகத்தான் இவ்வளவும். பிறகு பஸ்ஸில் இரண்டு ஸ்டாப், லிஃப்ட்டில் ஒரு மாடி என்று வெளியே போவார்கள். இதெல்லாம் கஷ்டம்தான். ஆனால் ஏன் செய்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

உங்கள் ஏழு வாரத்தில் இந்த வட்டத்தையே யாரும் வரைந்து காட்டியதாகத் தெரியவில்லை. மூச்சுப் பயிற்சி தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டுமே சிகிச்சையாகும்போது ஒரு சிக்கல் வருகிறது. பேனிக் அலை பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சம் தொட்டுத் தானாகவே இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தால், 'எண்ணியதால்தான் பிழைத்தேன்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளும். கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் பஸ் ஏற முடியாது என்று சிலருக்கு ஆவது போல, மூச்சுப் பயிற்சியும் ஊன்றுகோலாகிவிடும். பயம் அப்படியே இருக்கும். நீங்கள் சரியாகச் செய்யாததால் பலன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, பேனிக் கோளாறுக்கான சிபிடிக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் என்கிறது. 50 நிமிடம் வீதம் ஏழு செஷன் என்றால் நீங்கள் ஏறக்குறைய 6 மணி நேரம் உட்கார்ந்துவிட்டீர்கள். இந்நேரம் குணமாகியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் என்ன செய்கிறோம், எதை நோக்கிப் போகிறோம் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். அப்பா போன பிறகு ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அப்பாவைப் பற்றி மேடம் என்ன கேட்டார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. என் மனதைத் தைத்தது அதுதான்.

கல்யாணப் பேச்சு ஆலோசனையே கிடையாது. அது அவருடைய சொந்த அபிப்பிராயம். கல்யாணம் பேனிக் கோளாறுக்கு மருந்து என்று எந்தப் பாடத்திலும் இல்லை. போனைப் பார்ப்பதை ஒரு முறை சொன்னால் பலர் நிறுத்திவிடுவார்கள், அது சரிசெய்யக்கூடிய குறை. கல்யாணப் பேச்சை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் சொன்ன 'பரவாயில்லை'யை மட்டும் உடனே சரிசெய்யுங்கள். மேடம் அதைக் கேஸ் ஷீட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதியிருப்பார். அதே கிளினிக்கில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து மாத்திரையைக் குறைக்கக்கூடும். அடுத்த முறை மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள்: "டாக்டர், கவுன்சிலிங்கில் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். உண்மையில வாரத்துக்கு இத்தனை தடவை வருது." எண்ணிக்கையோடு சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். தலையாட்டிவிட்டு வருவது நம் ஊர்ப் பழக்கம். எதிரில் இருப்பவர் வயதில் பெரியவர், படித்தவர், நமக்காக நேரம் ஒதுக்கியவர் என்றால் 'இது எனக்கு உதவல' என்று சொல்ல நாக்கு எழாது. நீங்கள் பலவீனமானவர் என்று இதற்கு அர்த்தமில்லை.

மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். கவுன்சிலரை நிறுத்தும் வாரத்தில் எஸ்சிடலோபிராமை நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் சில நாட்களுக்குள் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் சுரீரென்று ஷாக் அடித்தது போன்ற உணர்வு வரலாம். அதை நீங்கள் 'பேனிக் அதிகமாகிவிட்டது, மேடத்தை விட்டது தப்பு' என்று புரிந்துகொள்வீர்கள். உண்மையில் அது மாத்திரையை வெட்டியதன் விளைவு. மருத்துவரை மாற்றுவதாக இருந்தாலும், புதியவரைப் பார்க்கும் வரை கைவசம் ஒரு மாத மாத்திரை இருக்கட்டும். மருந்துச் சீட்டுகளை எல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்மேல் குறை இல்லையென்றால் அவரிடமே தொடரலாம். கவுன்சிலர் வேறு இடம், மருத்துவர் இதே இடம் என்று இருப்பது சகஜம்தான்.

இனி, எப்படிச் சொல்வது. நம்பரை பிளாக் செய்தால் குற்றமில்லை. பாதியில் நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். 2012-ல் வெளியான, 669 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதியிலேயே நின்றுவிடுகிறார் என்கிறது. இருந்தாலும் நேரில் ஒரு முறை சொல்லிவிட்டு வரச் சொல்வேன். அது மேடத்துக்காக அல்ல. 'எனக்கு இது வேண்டாம்' என்று ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லி, வானம் இடிந்து விழாமல் வெளியே வருவதே உங்களுக்குப் பயிற்சி. நீங்கள் பணம் கட்டிய செஷன் ஒன்றை அதற்குச் செலவிடலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தவறான தொடுகை, பாலியல் பேச்சு, கடன் கேட்பது, மிரட்டல், உங்கள் ரகசியத்தை வெளியே சொன்னது, இதில் எது நடந்திருந்தாலும் நேரில் போகவே வேண்டாம். ஒரு வரி மெசேஜ் போதும். அதுவும் இல்லாமல் நின்றுவிடலாம். மெசேஜ்களையும் ரசீதுகளையும் அழிக்காமல் வையுங்கள். மருத்துவர்மேல் என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலிலும், பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்மேல் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலிலும் புகார் தரலாம். குற்றம் என்றால் காவல்துறை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, எனவே நேரில் போவதையே மேற்கொண்டு சொல்கிறேன்.

செஷன் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், கைப்பையை எடுத்துக்கொண்டே சொல்வதுதான் பலர் செய்யும் தவறு. அப்போது அவருக்கும் பேச நேரமிருக்காது, நீங்களும் பதற்றத்தில் 'அடுத்த வாரம் பாக்கலாம்ங்க மேடம்' என்று ஒத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துப் படித்தாலும் தப்பில்லை. இந்த அளவு போதும்:

"மேடம், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணுங்க. இன்னிக்குத்தான் நான் வர்ற கடைசி செஷன். ஏழு வாரமா வந்தும் பஸ்ல ஏறுற பயம் குறையல. போன தடவை பரவாயில்லைன்னு சொன்னது உண்மையில்லைங்க. பேனிக்குக்குன்னு இருக்கிற சிபிடி முறையில வேற ஒருத்தர்கிட்ட பார்க்கப்போறேன். இன்னிக்கு மீதி நேரத்துல இதுவரைக்கும் என்ன பண்ணோம்னு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்."

கல்யாணப் பேச்சு பிடிக்கவில்லை என்பதையும் சேர்க்கலாம். அது உங்கள் இஷ்டம். சேர்ப்பதாக இருந்தால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "கல்யாணம் ஆனா சரியாயிடும்னு ரெண்டு தடவை சொன்னீங்க, எனக்கு அது கஷ்டமா இருந்தது." 'உங்களுக்கு ஒண்ணும் தெரியல' என்று ஆரம்பித்தால் வாக்குவாதத்தில்தான் முடியும். 'வெளியூர் மாற்றலாகிறது', 'கையில் காசில்லை' என்ற சாக்குகளும் வேண்டாம். ஒரே ஏரியா என்கிறீர்கள், மாற்றல் பொய் ஒரு மாதத்தில் கோயில் வாசலில் உடைந்துவிடும். காசில்லை என்றால் அவர் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்பார், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

அவர் என்ன சொல்வார்? வேலை தெரிந்தவர் என்றால் முகம் லேசாகச் சுருங்கினாலும், 'சொன்னதுக்கு நன்றி, எது உதவல?' என்று கேட்பார். ஆலோசகருக்கும் வந்தவருக்கும் நடுவில் விழுந்த விரிசலைப் பேசிச் சரிசெய்த இடங்களில் சிகிச்சை நன்றாகப் போயிருக்கிறது என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். ஆகவே அவர் உண்மையாகவே காதுகொடுத்து, தேதி போட்டு ஒரு திட்டம் எழுதிக் காட்டினால், மீதி இருப்பதில் ஒன்றிரண்டு செஷன் பார்க்க உங்களுக்கு விருப்பமிருந்தால் பாருங்கள். கட்டாயம் எதுவும் இல்லை. மாறாக, 'இது உங்க மனசோட எதிர்ப்பு', 'இப்ப நிறுத்தினா இன்னும் மோசமாகும்', 'நான் உனக்காக எவ்வளவு பண்ணேன்' என்று வந்தால் பதில்வாதம் வேண்டாம். "புரியுதுங்க மேடம், ஆனா முடிவு பண்ணிட்டேன்" என்பதை, சொற்களை மாற்றாமல், இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புதுக் காரணம் கொடுத்தால் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே வருவார். ஒரே வாக்கியத்தை உடைக்க முடியாது.

நேரில் முடியவே முடியாது என்று தோன்றினால் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள். செஷனுக்கு ஒரு நாளாவது முன்னால் அனுப்பினால் ரத்துக் கட்டணப் பிரச்சினை பெரும்பாலும் வராது:

"வணக்கம் மேடம். இதுவரை கொடுத்த நேரத்துக்கு நன்றி. எனக்கு வேறு முறையில் சிகிச்சை தேவைப்படுவதால் செஷன்களை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த செஷனை ரத்து செய்துவிடுங்கள். நான் இங்கே வந்ததையோ நிறுத்தியதையோ என் வீட்டாரிடமோ தெரிந்தவர்களிடமோ பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

பணத்தைப் பொறுத்தவரை, கிளினிக் வரவேற்பில் எழுத்தில் கேளுங்கள், மேடத்திடம் பேச வேண்டாம். மொத்தக் கட்டணத்தில் மூன்று செஷனுக்கு 3,600 ரூபாய் வருகிறது; நேரில் சொல்ல ஒன்றைச் செலவிட்டால் மீதி இரண்டுக்கு 2,400. ஆனால் சில இடங்களில், முடிந்த ஏழையும் தனிச் செஷன் விலையில் போட்டுக் கழிப்பார்கள். தனிச் செஷன் 1,500 என்றால் 10,500 போக உங்களுக்கு 1,500தான் திரும்பும். கட்டும்போது தந்த ரசீதில் எந்த நிபந்தனை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு நிபந்தனையும் எழுதியில்லை என்றால் மீதி செஷனுக்கு 1,200 வீதம் என்றே கேளுங்கள். தரவே மாட்டோம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்காக அலைவதா வேண்டாமா என்பதை உங்கள் தெம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பணம் போய்விடுமே என்று மட்டும் பிடிக்காத மூன்று செஷனை உட்கார்ந்து தீர்க்காதீர்கள். ஆட்டோக் காசும் அந்த மூன்று மாலைகளும் கூடவே போகும்.

அம்மா காதுக்குப் போகுமா? போகக் கூடாது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவலை ரகசியமாகக் காக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் அதிலேயே இருக்கின்றன. அம்மாவின் தோழிக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை. 25ஆம் பிரிவின்படி உங்கள் மருத்துவக் குறிப்பை நீங்கள் கேட்டு வாங்கலாம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, அம்மாவிடம் நீங்களே முந்திக்கொள்வது நல்லது: "அந்த மேடம் எனக்குச் சரிப்படலம்மா, வேற ஒருத்தர்கிட்ட போறேன். ஆன்ட்டிகிட்ட நீ எதுவும் சொல்லிக்க வேண்டாம்." சிபாரிசு செய்தவருக்கு நன்றி சொல்லும் கடமை உண்டு, பத்து செஷனையும் முடிக்கும் கடமை கிடையாது.

அடுத்தவரைத் தேடும்போது பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். கவுன்சிலர் என்ற பெயரை நடைமுறையில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு, அவர்கள் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அதற்காகப் பதிவெண் இருப்பவர்கள் எல்லாரும் கைதேர்ந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம், நன்றாகப் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆகவே முன்பதிவுக்கு முன்னால் பத்து நிமிடம் போனில் கேளுங்கள். பேனிக் பிரச்சினையில் எத்தனை பேருக்கு சிகிச்சை கொடுத்திருக்கிறீர்கள்? என்ன முறை? ஏறக்குறைய எத்தனை செஷன்? வீட்டில் செய்யப் பயிற்சி தருவீர்களா? பலன் தெரியவில்லை என்றால் எப்போது பேசுவோம்? 'வாங்க, பாத்துக்கலாம்' என்று மட்டும் வந்தால் அடுத்த எண்ணுக்குப் போங்கள். 'முதல் இரண்டு செஷன் விவரம் கேட்பேன், மூன்றாவதில் திட்டம் சொல்வேன்' என்கிற மாதிரி வந்தால் நல்ல அறிகுறி. இந்த முறை மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், நான்கு செஷன் வரைக்கும் ஒவ்வொன்றாகவே கட்டுங்கள்.

அந்த நான்குக்குள் மூன்று விஷயம் தெரிந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் எழுதியதிலிருந்து இந்தத் துறையில் பலரும் பயன்படுத்தும் அளவுகோல் அது: எங்கே போகவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம் இருக்கிறதா, அதற்கு என்ன வேலை செய்வது என்பதில் இருக்கிறதா, அவரிடம் உண்மை பேச மனம் வருகிறதா. பிடித்த மனிதராக இருந்து முதல் இரண்டும் இல்லையென்றால், இப்போது நடந்ததுதான் திரும்ப நடக்கும். முதல் செஷனிலேயே புதியவரிடம், "எனக்கு இல்லைன்னு சொல்ல வராது, பரவாயில்லைன்னு சொன்னா ரெண்டாவது தடவை கேளுங்க" என்று சொல்லி வையுங்கள். இதைவிட உபயோகமான தகவல் அவருக்கு வேறு கிடைக்காது.

செலவு ஒத்துவராவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். இவரை விட்டுப் புதியவரிடம் போகும் வரையிலான வாரங்களில் இரவில் பயம் அதிகமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. செத்துவிடுவேனோ என்ற பயம் மாறி, செத்துப்போகலாமா என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், அம்மாவையும் எழுப்புங்கள்.

கோயிலில் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வெளியிடத்தில் தாமாக வந்து பேசக் கூடாது என்பது ஆலோசகர்களின் நடைமுறை. கூட இருப்பவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிந்துவிடும் என்பதால்தான். நீங்கள் 'வணக்கம் மேடம்' என்றால் அவரும் வணக்கம் சொல்வார். பார்க்காத மாதிரி பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாலும் தவறில்லை. ஒருவேளை அவரே வந்து, 'இப்ப எப்படிம்மா இருக்கே, யார்கிட்ட பாக்கிறே?' என்று கேட்டால், "நல்லா இருக்கேங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். சிகிச்சைக்கு வெளியே நின்று கேட்கிறவருக்கு அந்தப் பதில் போதும், இந்த முறை அதைப் பொய்க்கணக்கில் எழுத வேண்டியதில்லை.